நீளம் சொல்லும் பைட்

வயர்லெஸ் நிரலைப் படிக்க உட்கார்ந்தால் என் கண் முதலில் தேடுவது ஒரே ஒரு பைட்டைத்தான். வைஃபைக் கருவிகள் காற்றுவழி அனுப்பும் அறிவிப்புகளில் தகவல் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் தலையில் இரண்டு பைட். முதல் பைட், இது என்ன துண்டு என்று சொல்லும். இரண்டாவது பைட், பின்னால் எத்தனை பைட் வருகிறது என்று சொல்லும். அந்த இரண்டாவது பைட்டை எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டு ரூட்டர் எழுதியிருக்கலாம். ரயிலில் எதிர் இருக்கையில் இருப்பவரின் லேப்டாப் எழுதியிருக்கலாம். யார் எழுதினாலும் அதை வைத்துத்தான் கர்னல் நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது, நகலெடுக்கிறது, அடுத்த துண்டுக்குத் தாவுகிறது.

16 வருடமாக இதுதான் என் வேலை. ரூட்டர், கேமரா போன்ற சின்னக் கருவிகளில் ஓடும் லினக்ஸ் கர்னலின் வயர்லெஸ் பகுதியைப் பராமரிக்கிறேன். புதிய கர்னலில் வரும் திருத்தங்களைப் பழைய கர்னலுக்குக் கொண்டுவந்து பொருத்துவேன். பேக்போர்ட் என்று சொல்வோம். திருத்தத்தை அப்படியே எடுத்து ஒட்டினால் பெரும்பாலும் பொருந்தாது. சுற்றியுள்ள வரிகள் மாறியிருக்கும். அதனால் தவறு எங்கே, ஏன் நடந்தது என்று முழுதாகப் புரிந்துகொள்ளாமல் கை வைக்க முடியாது. அப்படிப் புரிந்துகொண்ட தவறுகளில் என் மனதில் ஆழமாகத் தங்கிவிட்டது 2022 அக்டோபரில் வெளிவந்த ஒன்று. பாதுகாப்புக் குறைகளுக்கு இடப்படும் பொது அடையாள வரிசையில் சி.வி.இ.-2022-41674 என்பது அதன் எண்.

ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோங்கே ஹுஸ்டர், வைஃபை ஃபிரேம் ஒன்றால் லினக்ஸ் கர்னலின் நினைவகத்தில் எல்லை மீறி எழுத முடிகிறது என்று சூசே நிறுவனத்துக்குத் தெரிவித்தார். கர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கு அது போனது. லினக்ஸ் வயர்லெஸ் பகுதியின் பராமரிப்பாளரான இன்டெலின் யோஹன்னஸ் பெர்க் அவருடன் சேர்ந்து அந்தப் பகுதியைத் தோண்டினார். ஒரு தவறைத் தேடிப் போனவர்களுக்கு மேலும் பல கிடைத்தன. அக்டோபர் 13ஆம் தேதி ஐந்து சி.வி.இ. எண்களோடு விவரங்கள் பொதுவில் வந்தன. கடவுச்சொல் தேவையில்லை, எந்த நெட்வொர்க்கிலும் சேர்ந்திருக்கத் தேவையில்லை, பயனர் எதையும் தொட வேண்டியதில்லை. அருகில் என்னென்ன நெட்வொர்க் இருக்கிறது என்று கருவி தேடிக்கொண்டிருந்தாலே போதும்.

அந்தத் தேடலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வைஃபை ரூட்டரும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்புக்குப் பெயர் பீக்கன். வழக்கமான அமைப்பில் 102.4 மில்லி விநாடிக்கு ஒன்று, அதாவது விநாடிக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. நெட்வொர்க்கின் பெயர், வேகங்கள், பாதுகாப்பு முறை எல்லாம் நான் முதலில் சொன்ன துண்டுகளாக அதில் அடுக்கியிருக்கும். எலிமென்ட் என்று அவற்றைச் சொல்வோம். எண் 0 என்றால் நெட்வொர்க்கின் பெயர். எண் 71 என்றால் நம் கதைக்குரிய எலிமென்ட்.

71 ஏன் வந்தது? ஒரு அலுவலகத்தில் ஒரே பெட்டி மூன்று நான்கு நெட்வொர்க்குகளை நடத்தும். ஊழியர்களுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பீக்கன் என்றால் காற்றலையின் நேரம் கணிசமாக அறிவிப்பிலேயே போய்விடும், ஏனென்றால் பீக்கன்கள் மெதுவான வேகத்தில்தான் அனுப்பப்படுகின்றன. அதனால் ஒரு நெட்வொர்க் மட்டும் பீக்கன் அனுப்பும்; மற்றவற்றின் விவரம் அதே பீக்கனுக்குள் 71ஆம் எலிமென்ட்டில் பொதிந்து வரும். நல்ல யோசனை. வைஃபை 6 வந்தபிறகு இதன் தேவை கூடியது. லினக்ஸ் 2019 மே மாதம் வெளியான 5.1 பதிப்பில் இதைப் படிக்கக் கற்றுக்கொண்டது.

படிப்பது என்றால், பொதிந்து வந்த ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் கர்னலே ஒரு பீக்கனைத் தைத்து உருவாக்குகிறது. மூல பீக்கனை எடுத்துக்கொள்ளும். பெயர்த் துண்டை வெட்டிவிட்டு உள்ளே இருந்த பெயரை வைக்கும். 71ஆம் துண்டையே நீக்கிவிடும். மீதியை ஒட்டும். தையற்காரர் செய்வது போலவே இரண்டு வேலை: எவ்வளவு துணி வேண்டும் என்று முதலில் அளப்பது, பிறகு வெட்டித் தைப்பது. அளந்தது சரி. வெட்டியபோதுதான் பிசகியது.

அந்தத் திருத்தத்தைப் பொருத்திய அன்று எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டினேன். 71ஆம் எலிமென்ட்டின் நீள பைட்டோடு 2 கூட்டி, எத்தனை பைட் தாண்ட வேண்டும் என்று கணக்கிடும் வரி.

"இதுல என்ன அண்ணா தப்பு? நீளம் இவ்வளவு, தலையில ரெண்டு பைட். கூட்டினா மொத்த அளவு. சரியாத்தானே இருக்கு?"

"254 போட்டுப் பாரும்மா."

"256."

"அதை எங்க வைக்கிறோம்?"

அவர் திரையை மேலே நகர்த்திக்கொண்டே போனார். மாறி அறிவிக்கப்பட்ட இடத்தில் கை நின்றது. யு8 என்று இருந்தது. எட்டு பிட். 0 முதல் 255 வரைதான் அதில் நிற்கும். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"அப்போ பூஜ்யம் வருமே அண்ணா."

பூஜ்யம்தான். 255 வந்தால் கூட்டுத்தொகை 257, தங்குவது 1. இதில் ஒரு நுட்பத்தை நான் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். சி மொழியில் இந்தக் கூட்டல் தவறாக நடப்பதில்லை. கூட்டும்போது இரண்டு எண்களும் பெரிய எண்ணாக மாற்றப்பட்டு, 256 என்று சரியாகவே விடை வருகிறது. அந்த விடையை எடுத்து வைக்கும் பாத்திரம்தான் சிறியது. படி அரிசியை உழக்கில் கொட்டியது போல. ஒரு வித்தியாசம், இங்கே வழிந்தது எதுவும் தரையில் தெரியாது. கம்பைலரும் வாய் திறக்காது. இப்படிச் சுருங்குவதை எச்சரிக்கும் வசதி கம்பைலரில் இருக்கிறது. ஆனால் கர்னலின் வழக்கமான கட்டமைப்பில் அதை இயக்குவதில்லை. இயக்கினால் வரும் எச்சரிக்கைக் குவியலில் உண்மையான தவறு புதைந்துபோகும்.

நான் ஒரு தாளை எடுத்து அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பீக்கனில் உள்ள எலிமென்ட்கள் மொத்தம் 600 பைட் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பெயர், தலையோடு 8 பைட். அடுத்து வேறு எலிமென்ட்கள் 92. நூறாவது இடத்தில் தொடங்குகிறது நம் 71; அதன் நீள பைட் 254, தலையோடு 256. அதற்குப் பிறகு 244 பைட். பொதிந்திருக்கும் நெட்வொர்க்கின் பெயரும் அதே நீளம் என்றே கொள்வோம். புதிய பீக்கனுக்கு இடம் ஒதுக்கும் வரி, 600இலிருந்து 254ஐக் கழித்து 346 பைட் வாங்குகிறது. அந்தக் கணக்கு பெரிய எண்ணில் நடப்பதால் பிழையில்லை. தைக்கும்போது 8, அடுத்து 92, அடுத்து 71ஐத் தாண்டி மீதி 244. மொத்தம் 344. ஒதுக்கிய இடத்தில் அடங்கிவிடும்.

இப்போது தாண்ட வேண்டிய அளவு 256க்குப் பதில் பூஜ்யம். கர்னல் எதையும் தாண்டவில்லை. 71இன் தலையிலிருந்தே தொடங்கி 500 பைட்டையும் நகலெடுக்கிறது. 8, 92, 500. ஆக மொத்தம் 600 பைட், 346 பைட் இடத்தில். தேவைக்கு மேல் எழுதியது 256. ஒதுக்கியதில் 2 பைட் உபரி இருந்ததால் வெளியே வழிந்தது 254. வழிந்த அந்த பைட்டுகள் பக்கத்தில் கர்னல் வேறு எதற்கோ வைத்திருந்த இடத்தில் போய் உட்காருகின்றன. அவற்றில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த பீக்கனை அனுப்பியவர். ஒரு தவறு வெறும் தவறாக இருப்பதற்கும் ஆபத்தாக மாறுவதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான்.

திருத்தம் ஒரே ஒரு சொல். யு8 இருந்த இடத்தில் சைஸ்_டி. அளவுகளை வைப்பதற்கென்றே உள்ள, போதுமான அகலம் கொண்ட வகை.

அந்த வரியை முதலில் எழுதியவர் மேல் எனக்குத் துளியும் குறை இல்லை. நீள பைட் ஒரு பைட், அதனால் அதைச் சார்ந்த மாறியும் ஒரு பைட் என்று கை தானாக எழுதும். அதே மாறியை அதே செயற்கூற்றில் இரண்டு இடங்களில் நெட்வொர்க் பெயரின் நீளத்துக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். பெயர் தரத்தின்படி 32 பைட்டைத் தாண்டாது. அங்கே அந்த உழக்கு போதும். மூன்றாவது இடத்தில்தான் போதவில்லை. முதல் இரண்டையும் படித்துத் தலையசைத்த கண், மூன்றாவதையும் அதே வேகத்தில் கடந்துவிடும். மூன்றரை ஆண்டுகள் எத்தனையோ கண்கள் கடந்திருக்கின்றன. என் கண்ணும் அதில் அடக்கம். அந்தச் செயற்கூற்றை 2020இல் ஒரு கருவிக்காக நான் முழுதாகப் படித்திருக்கிறேன்.

மற்ற நான்கில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். சி.வி.இ.-2022-42719இல், 71ஐப் பிரித்துப் படிக்க ஒரு தற்காலிக இடம் ஒதுக்கினார்கள். படித்து முடித்த முடிவுகள் அந்த இடத்துக்குள்ளேயே சுட்டிக்கொண்டிருக்க, இடத்தை விடுவித்துவிட்டார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய முகவரிக்கே கடிதம் போடச் சொன்னது போல. பெர்க்கின் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. எப்போது விடுவிப்பது என்ற நேரத்தை மாற்றிச் சமாளிக்காமல், தற்காலிக இடத்தையே முடிவுகளோடு சேர்ந்த ஒரே அமைப்பாக்கிவிட்டார். இரண்டும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாகவே விடுபடும்; ஆயுள் பற்றிய கேள்வியே எழாது. இன்னொன்று 42721. இரண்டு வெவ்வேறு ரூட்டர்கள், உள்ளே பொதிந்த நெட்வொர்க்குக்குப் பெயரும் முகவரியும் ஒன்றே என்று சொல்லிக்கொண்டால், ஒரு பட்டியலில் ஏற்கெனவே இருப்பதை இன்னொரு பட்டியலிலும் செருகி, இணைப்புச் சங்கிலி குலைந்து, கர்னல் முடிவில்லாமல் சுற்றும். இயல்பான உலகில் நடக்காத சந்தர்ப்பம். காற்றலையில் யாராவது நடத்திக்காட்டினால் நடக்கும்.

லினக்ஸுக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். அதே 2022இல், ஏப்ரல் மாதம், ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தில் சி.வி.இ.-2022-23088 வந்தது. மெஷ் நெட்வொர்க்கின் பெயரைச் சொல்லும் எலிமென்ட் 32 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. பீக்கனில் வந்த நீளத்தை அந்த 32உடன் ஒப்பிடாமலே நகலெடுத்தார்கள். அங்கேயும் கருவி நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டிருந்தால் போதும். அங்கேயும் அதே இரண்டாவது பைட்.

என் சொந்தத் தவறு இதைவிடப் பழையது. அப்போது நான் இருந்த நிறுவனத்தில் ஒரு டிரைவருக்காக 221ஆம் எலிமென்ட்டைப் பிரிக்கும் பகுதியை எழுதினேன். தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தத் தகவலைப் போட்டு அனுப்பும் எலிமென்ட் அது. முதல் மூன்று பைட் தயாரிப்பாளரின் அடையாளம், நாலாவது பைட் வகை, மீதிதான் தகவல். நீளத்திலிருந்து 4 கழித்து, மீதியை 32 பைட் கொண்ட ஓர் அமைப்பில் நகலெடுத்தேன். வாடிக்கையாளர் ஒருவரின் கட்டடத்தில், ஒரே ஒரு மாடியில் மட்டும், பெட்டிகள் சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக மறுதொடக்கம் ஆயின. மின்சாரத்தைச் சந்தேகித்தோம், சூட்டைச் சந்தேகித்தோம், பெட்டிகளையே மாற்றினோம். 11 நாள் கழித்து அந்த மாடியில் உட்கார்ந்து காற்றலையைப் பதிவுசெய்து பார்த்தபோது, பக்கத்துக் கடையிலிருந்த ஏதோ ஒரு கருவி 221ஐ வெறும் மூன்று பைட் நீளத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது. அடையாளம் மட்டும், வேறொன்றும் இல்லை. 3இலிருந்து 4 போனால் மைனஸ் 1. யு8இல் அது 255. 32 பைட் இடத்தில் 255 பைட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது என் நிரல்.

அந்தக் கடைக்காரருக்கு யாரையும் தாக்கும் எண்ணம் இல்லை. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் அதே மூன்று பைட்டை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நான் பல இரவு தூங்கவில்லை. ஒரு நிபந்தனை வரி சேர்த்துச் சரிசெய்தேன். அன்று முதல் ஒரு பழக்கம் வந்தது: வெளியிலிருந்து வரும் எந்த எண்ணைப் பார்த்தாலும், அது இருக்கும் வரியின் ஓரத்தில் பென்சிலால் 0, 1, 254, 255 என்று எழுதி, நான்கையும் கையால் ஓட்டிப் பார்ப்பேன். கழித்தல் இருந்தால் சிறிய எண்கள் கடிக்கும். கூட்டல் இருந்தால் பெரிய எண்கள் கடிக்கும். நடுவில் உள்ள எண்கள் எல்லாம் நல்ல பிள்ளைகள். அவை எதையும் காட்டிக்கொடுக்காது. நம் சோதனைகளில் பெரும்பாலும் நாம் போடுவது அந்த நடு எண்களைத்தான்.

கண்ணுக்குத் துணையாக இன்று நல்ல கருவிகள் இருக்கின்றன. வைஃபை சிப்பே இல்லாமல் கர்னலுக்குள் போலி ரேடியோக்களை உருவாக்கும் எச்.டபிள்யூ.சிம் என்ற டிரைவர் இருக்கிறது. ஏற்றியதும் இரண்டு ரேடியோ வரும். ஒன்றிலிருந்து பீக்கனை அனுப்பி மற்றொன்றைத் தேடச் சொல்லலாம். கசான் என்ற நினைவகக் காவல் இருக்கிறது. ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு பைட் நிழல் கணக்கு வைத்து, ஒதுக்காத இடத்தில் ஒரு பைட் எழுதினாலும் எந்த வரி எழுதியது, அந்த இடத்தை யார் ஒதுக்கினார்கள் என்று முழு வரலாற்றோடு கத்திவிடும். திருத்தம் போடாத கர்னலில் 254 நீளமுள்ள 71ஐ அனுப்பிப் பார்த்தோம். தேடல் தொடங்கிய கணமே கன்சோலில் அறிக்கை கொட்டியது. எங்கள் குழுவின் அந்தப் பெண் அறிக்கையை அச்செடுத்துத் தன் மேசையில் ஒட்டிவைத்தார். திருத்தம் போட்ட கர்னலில் அதே ஃபிரேம் ஓசையில்லாமல் கடந்தது. இப்படிச் சிதைந்த ஃபிரேம்களை இயந்திரமே விதவிதமாக உருவாக்கி ஓயாமல் அனுப்பித் தேடும் ஃபஸ்ஸிங் முறையையும் நான் மனதார நம்புகிறேன். மனிதக் கண் சலித்துப்போகும் இடத்தில் அது சலிப்பதில்லை.

ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்ட் முதன்முறையாக லினக்ஸ் கர்னலுக்குள் வந்தது. ரஸ்ட்டிலும் யு8இல் கூட்டினால் எண் சுருண்டு பூஜ்யமாகலாம். ஆனால் 346 பைட் இடத்தில் 600 பைட்டை எழுத அது விடாது, அங்கேயே நிறுத்திவிடும். கருவி நின்றுபோகும், அந்நியர் கைக்குப் போகாது. அந்த வித்தியாசம் மிகப் பெரியது. அதற்காகவே நான் இந்த வயதில் ரஸ்ட் கற்றுக்கொண்டிருக்கிறேன். இந்த வயர்லெஸ் அடுக்கு சி மொழியில் எழுதப்பட்டது. நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளிலும் இருப்பது அதுதான்.

அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான் என் கவலை. திருத்தங்கள் அதே மாதத்தில் 6.0.2, 5.19.16, 5.15.74 பதிப்புகளில் வந்துவிட்டன. ஆனால் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து 'எங்கள் கர்னல் 5.1க்கும் பழையது, இந்தத் தவறு இதில் கிடையாது' என்று சொல்லும் பொறியாளர்களை நான் சந்திக்கிறேன். கர்னல் பழையதாக இருக்கும். வைஃபை 6 வேண்டுமென்று வயர்லெஸ் அடுக்கை மட்டும் புதிய கர்னலிலிருந்து எடுத்து வைத்திருப்பார்கள். ஓபன்டபிள்யூஆர்டி போன்ற அமைப்புகளிலும் வயர்லெஸ் அடுக்கு கர்னலைவிடப் புதியதாக வருவது வழக்கம். ஓபன்டபிள்யூஆர்டி குழுவினர் திருத்தங்களைச் சேர்க்கிறார்கள். ஒருமுறை எடுத்து வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களிடம்தான் ஆபத்து. பதிப்பு எண் எதையும் நிரூபிக்காது. கோப்பைத் திறந்து, அந்தச் செயற்கூற்றுக்குப் போய், மாறியின் வகையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வைஃபை உள்ள கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் நண்பர்களே, உங்கள் கருவியின் வயர்லெஸ் நிரலைத் திறந்து, 71ஆம் எலிமென்ட்டைப் பிரிக்கும் இடத்தில் அந்த மாறி யு8ஆக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இருந்தால் மாற்றுங்கள். மாற்றியதை வாடிக்கையாளரின் வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கும் கொண்டுசேருங்கள்.